ஏழாம் சுற்றுப்பாதையில் காப்பி ஆற்றியவள்

கோட்டைமேடு,
கோயம்புத்தூர்.
16.7.1995, ஞாயிறு

அன்புள்ள பழனி,

இன்று காலை பதினோரு மணிக்கு வெள்ளகோவிலில் கரண்ட் இருந்ததா? இல்லையென்றால் நீ கொடுத்து வைத்தவள். பத்தொன்பதாவது வார ‘ஏழாம் சுற்றுப்பாதை’யைப் பார்த்துவிட்டு எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. மத்தியானச் சோறு இறங்கவில்லை.

என் வீட்டுக்காரர் சஹீரின் ரிப்பேர் கடைதான் எங்கள் வீட்டு முன்னறை என்று உனக்குத் தெரியும். வந்து கிடக்கும் டிவிகளில் எது உயிரோடு இருக்கிறதோ அதில்தான் நான் பார்க்க வேண்டும். இன்று கிடைத்த டிவியில் எல்லார் முகமும் பச்சை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். விண்வெளி நிலையத்துக்கு வெளியே ஒரு தொட்டி வெடிக்கிறது. டமார் என்று சத்தம்! காற்றே இல்லாத இடத்தில் யார் காதுக்கு எது சத்தத்தைக் கொண்டு போனது? அதோடு விடவில்லை, புகை வேறு. அந்தப் புகை மேலே போகிறது. மேல் எங்கே இருக்கிறது அங்கே? பீளமேட்டுக் கல்லூரியில் மூன்று வருடம் நீயும் நானும் பக்கத்துப் பக்கத்து மேஜையில் இயற்பியல் பரிசோதனை செய்தது இந்தக் கண்றாவியைப் பார்க்கவா?

வேறு தொடராக இருந்தால் முதல் வாரமே நிறுத்தியிருப்பேன். நான் பார்ப்பதும் நீ பார்ப்பதும் ஆதிரைக்காகத்தான். தமிழ் டிவியில் கையில் ஸ்பானரோடு ஒரு பெண் வருகிறாள், யாரும் அவளைக் கேலி செய்யவில்லை. அது ஒன்று போதும் என்று இருந்தோம். இன்று அவள் தொட்டியைச் சரிசெய்ய வெளியே போனாள். இடுப்பில் கட்டியிருந்த கயிறு அறுந்துவிட்டது. நிலையத்தை விட்டு மெல்ல மெல்ல விலகிப் போகிறாள். கேப்டன் வாசு ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு அழுகிறார். அங்கே நிறுத்திவிட்டு, ஒரு போட்டி அறிவித்தார்கள். ஆதிரையை எப்படிக் காப்பாற்றலாம் என்று நேயர்கள் எழுதி அனுப்ப வேண்டுமாம். சிறந்த யோசனையைப் படமாக எடுத்து, எழுதியவர் பெயரையும் போடுவார்களாம். அவர்களுக்கே தெரியவில்லை, நம்மைக் கேட்கிறார்கள்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அவள் தோளில் கருவிப்பை இருக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்து, நிலையத்துக்கு எதிர்ப்பக்கம் வீச வேண்டும். உடையோடு சேர்த்து அவள் எடை நூற்றைம்பது கிலோ, விலகும் வேகம் நொடிக்கு அரை மீட்டர் என்று வை. ஐந்து கிலோ துளைக்கருவியை நொடிக்கு ஆறு மீட்டர் வேகத்தில் எறிந்தால் வேகம் ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிடும். துளைக்கருவி, சம்மட்டி, பெரிய ஸ்பானர் என்று அதே எடையில் மூன்று பொருள் எறிந்தால் போதும், திரும்பி வரத் தொடங்கிவிடுவாள். ஹெல்மெட்டுக்குள் அவள் சொல்ல வேண்டியதையும் எழுதிவிட்டேன்: “பயப்படறதுக்கு நேரமில்லை. கணக்குப் போட நேரமிருக்கு.” உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறாள். வேறு கயிறு கட்டிக்கொண்டு, பாதியில் விட்ட வேலையை முடிக்க மறுபடியும் வெளியே போகிறாள். அங்கே முடிய வேண்டும்.

நாளை பத்தாம் வகுப்புப் பெண்களுக்கு இதைக் கரும்பலகையில் கணக்காகப் போட்டுக் காட்டப் போகிறேன். அந்த டிவிக்காரக் கூட்டத்துக்கு மட்டும் அனுப்ப மாட்டேன். ஏற்கெனவே நான்கு முறை தப்புகளை எடுத்துக்காட்டி எழுதினேன். நான்கு முறையும் கேப்டன் வாசுவாக நடிக்கிறவரின் புகைப்படம் வந்தது, கையெழுத்தோடு.

உன் குல்சும்


வெள்ளகோவில்.
22.7.1995

அன்புள்ள குல்சும்,

கயிறு அறுந்தது, கரண்ட் போனது. இரண்டும் ஒரே நொடியில். ஆதிரை செத்தாளா பிழைத்தாளா என்று தெரியாமல் உன் கடிதம் வரும்வரை நான்கு நாள் தவித்தேன்.

கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தபோது உன் கடிதத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். என் மாமியாரைப் பற்றி உனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனால் அவர் கதை கேட்பதைப் பார்த்திருக்கிறாயா? உரிப்பதை நிறுத்திவிட்டார். “எறியச் சொல்லு கண்ணு, சீக்கிரம் எறியச் சொல்லு” என்றார். என் கொழுந்தன் மதன்குமார், காலேஜில் கணக்குப் படிக்கிறானே, அவனும் கேட்டான். “அண்ணி, இந்தக் கணக்கு சரியாத்தானுங்க வருது” என்று அவன் சொன்னபோது, நானே போட்டதுபோல் பெருமையாக இருந்தது.

நீ ஏன் அனுப்பக்கூடாது? வீம்புக்காக ஒரு நல்ல விஷயத்தைக் கெடுக்கிறாய். கடைசித் தேதி முப்பத்தொன்று என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள்.

இன்னொரு செய்தி. காங்கேயத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பரிசோதனைக்கூட உதவியாளர் வேலை இருக்கிறது. தலைமையாசிரியை நம் கல்லூரியில் படித்தவர். “உனக்காக ஒரு மாதம் வைத்திருப்பேன்” என்றார். என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். “பாக்கலாம்” என்றார். அவர் “பாக்கலாம்” என்று சொன்ன காரியங்கள் மூன்று வருடமாக இந்த வீட்டில் அப்படியே கிடக்கின்றன. எண்ணெய் மில் நன்றாக ஓடுகிறது, மருமகள் எதற்கு பஸ் ஏறிப் போக வேண்டும் என்று அத்தை கேட்கிறார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்கிறார்.

எப்படியாவது அவர்களைச் சம்மதிக்க வைக்க வேண்டும். என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பழனியாத்தாள்


கோயம்புத்தூர்.
27.8.1995, ஞாயிறு

பழனி,

டிவியை அணைத்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவ்வளவு ஆத்திரம். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இன்று பார்த்தாயா? போட்டியில் ஜெயித்த யோசனையை எடுத்துக் காட்டினார்கள். ஆரம்பத்தில் படம் உருண்டுகொண்டே இருந்தது, சஹீர் தட்டித் தட்டிச் சரிசெய்வதற்குள் பெயர் போட்டு முடித்துவிட்டார்கள். யாரென்று தெரியவில்லை. ஆனால் அது என்னுடையது! துளைக்கருவி, சம்மட்டி, பெரிய ஸ்பானர். நான் எழுதிய அதே வரிசை. “பயப்படறதுக்கு நேரமில்லை” என்று அவள் சொன்னபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். “உன்னோட வசனமா இது?” என்று சஹீர் கத்தினார். ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதவே கூசுகிறது. ஆதிரை நிலையத்தின் கதவுவரை வந்துவிடுகிறாள். வந்தவள் அழுதுகொண்டே கேப்டன் வாசுவின் காலில் விழுகிறாள். எடையே இல்லாத இடத்தில் எப்படி விழுந்தாள் என்று கேட்காதே, விழுந்தாள். “வெளிய போனதே என் தப்புங்க. இனிமே இந்த வாசப்படியைத் தாண்ட மாட்டேன்.” விண்வெளி நிலையத்துக்கு வாசற்படி! மிச்சமிருந்த கருவிகளை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு, தலைக்குப் பூ வைத்துக்கொண்டு, ஐந்து ஆண்களுக்கும் காப்பி போடுகிறாள். டம்ளருக்கும் டவராவுக்கும் நடுவே ஒரு முழ உயரத்துக்கு நுரை பொங்க ஆற்றுகிறாள். பூமியிலிருந்து நானூறு கிலோமீட்டர் உயரத்தில், ஒரு சொட்டு மிதக்கவில்லை. ஐந்து பேரும் குடித்துவிட்டுச் சிரிக்கிறார்கள். பின்னணியில் நாதஸ்வரம்.

சீ! எழுந்து போய் முகம் கழுவினேன். அழுக்கு ஒட்டிக்கொண்டதுபோல் இருந்தது.

யோசனையைத் திருடியதுகூடப் பெரிதில்லை. திருடியதை எடுத்துக்கொண்டு போய்ச் சாக்கடையில் முக்கியிருக்கிறான் ஒருவன். இப்படி ஒரு முடிவை எழுதுகிறவன் எப்படிப்பட்ட பிறவியாக இருப்பான்? அவனுக்குப் பெண்டாட்டி என்று ஒருத்தி இருந்தால், அவளுக்காக நான் அல்லாஹ்விடம் துஆ செய்கிறேன்.

திருடியது என் வகுப்புப் பெண்கள் யாரும் இல்லை. கரும்பலகையில் கணக்கைத்தான் போட்டேன், அந்த வசனத்தைச் சொல்லவில்லை. வசனம் இருந்தது உனக்கு எழுதிய கடிதத்தில் மட்டும். உன் வீட்டில் அதைப் பார்த்தவர்கள் யார்? எனக்கு மதன்குமார் மேல்தான் சந்தேகம். கேட்டு எழுது. நாளை பள்ளியில் பெயரையும் விசாரித்துவிடுகிறேன்.

குல்சும்


வெள்ளகோவில்.
30.8.1995

குல்சும்,

மதனைத் திட்டாதே. அவனுக்கு ஒன்றும் தெரியாது. நீ இதற்குள் பெயரை விசாரித்திருப்பாய். இருந்தாலும் நானே சொல்ல வேண்டும். அனுப்பியது நான். அந்த முடிவை எழுதியதும் நான்.

டிவிக்காரர்கள் மேல் பழியைப் போடலாமா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். முடியவில்லை. நாதஸ்வரம் மட்டும்தான் அவர்களுடையது. வாசற்படியும் காப்பியும் என் கையெழுத்தில் போனவை.

நடந்தது இதுதான். நீ அனுப்ப மாட்டேன் என்று எழுதிவிட்டாய். வீணாகிறதே என்று உன் கடிதத்தைப் பார்த்து ஒரு தாளில் நகல் எடுத்தேன். உன் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டு, ஜெயித்தால் உன்னிடம் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நீ நம்புவாயோ மாட்டாயோ. எழுதிக்கொண்டிருந்தபோது அத்தை வந்து உட்கார்ந்தார். மறுபடியும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். என் வீட்டுக்காரரும் வந்து கதவோரம் நின்று கேட்டார்.

முடித்ததும் அத்தை கேட்டார்: “அப்பறம் அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு? அத்தன பட்டும் மறுக்காவும் வெளியவா போச்சு?”

கதவோரம் நின்றவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை விஷயம் கேட்டு அப்போது ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இவள் வெளியே போனாலும் வீட்டை விடமாட்டாள் என்று இவர்கள் நம்பிவிட்டால், என்னை விட்டுவிடுவார்கள் என்று தோன்றியது. “இல்லீங்க அத்தை, அது சும்மா எழுதினது. உள்ளயே இருந்துக்கிச்சு. தப்புன்னு தெரிஞ்சுக்கிச்சு” என்று சொன்னேன். அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. “அப்பிடி எழுதி அனுப்பு அம்மணி. உன்ற பேர்லயே அனுப்பு. நானே தபால்ல போட்டுப்போடறேன்” என்றார்.

எழுதினேன். அவர் பக்கத்திலேயே நின்றார். வாசற்படி என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. காப்பி என்று எழுதும்போது வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெயர் வந்தது. தெருவே வீட்டுக்குள் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் மில் ஆளை அனுப்பி லட்டு வாங்கி வரச்சொல்லி எல்லோருக்கும் கொடுத்தார். கூட்டம் போன பிறகு வேலையைப் பற்றிக் கேட்டேன். அவர் சந்தோஷமாக, என் தலையில் கை வைத்து, “இனி என்னத்துக்கு அம்மணி வேலை? டிவிலயே உன் பேர் வந்துருச்சு. அதுவுமில்லாம நீயே அழகா எழுதிப்போட்ட, வெளிய போறது தப்புன்னு” என்றார்.

என் வாயை நானே தைத்துக்கொண்டிருக்கிறேன். நீ துஆ செய்தாயே, அந்தப் பிறவி நான்தான்.

பழனி


கோயம்புத்தூர்.
3.9.1995

பழனியாத்தாளுக்கு,

பெயர் திங்கட்கிழமையே தெரிந்துவிட்டது. உன் கடிதம் வரும்வரை நம்பாமல் இருந்தேன்.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். உனக்குத் தெரியும். உன் பெயரிலேயே அனுப்பிக்கொள் என்றும் சொல்லியிருப்பேன். அதற்காக நான் இதை எழுதவில்லை.

பத்தாம் வகுப்பில் யுஸ்ரா என்று ஒரு பெண். முதல் பெஞ்சு. நான் கரும்பலகையில் போட்ட கணக்கை அவள் நோட்டில் சிவப்பு மையில் கட்டம் கட்டி வைத்திருந்தாள். திங்கட்கிழமை எழுந்து நின்று கேட்டாள்: “டீச்சர், நீங்க எங்களுக்குப் போட்ட கணக்குத்தானே நேத்து வந்துச்சு? அத்தனை சரியா கணக்குப் போட்டுத் திரும்பி வந்தவ, ஏன் டீச்சர் அழுதா?” வகுப்பே என்னைப் பார்த்தது. மணி அடிக்கும்வரை புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு நின்றேன். பாடம் நடத்த ஆரம்பித்த இத்தனை வருடத்தில் எனக்கு அப்படி நேர்ந்ததில்லை.

உன் நிலைமை புரியாமல் இல்லை. உன் மாமியார் பக்கத்தில் நின்றார், சரி. பேனா யார் கையில் இருந்தது? உன் வேலைக்காக நீ என்ன பொய் வேண்டுமானாலும் உன் வீட்டுக்குள் சொல்லியிருக்கலாம். அதை ஊருக்கெல்லாம் ஊட்டிவிட்டாய். டிவிக்காரர்களை நினைத்து வந்த அருவருப்பு இப்போது இடம் மாறிவிட்டது. உன் கையெழுத்தைக் கவரில் பார்த்தபோதே வந்தது. அதனால்தான் சொல்கிறேன், எனக்கு இனி எழுதாதே.

உம்மல் குல்சும்


வெள்ளகோவில்.
12.11.1995

குல்சும்,

எழுதாதே என்றாய். பத்து வாரம் எழுதவில்லை. இதைப் படிக்காமல் கிழித்தாலும் சரி.

தீபாவளிக்கு என் வீட்டுக்காரருடைய சித்தப்பா குடும்பம் முத்தூரிலிருந்து வந்திருந்தது. சித்தப்பா மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். என்னிடம் வந்து ரகசியமாக, “அண்ணி, எனக்கு இன்ஜினியரிங் படிக்கோணும்னு ஆசைங்க. அப்பாகிட்ட நீங்க சொன்னா கேப்பாங்க” என்றாள். நான் சொல்வதற்குள் சித்தப்பாவே கூடத்தில் எல்லோர் முன்னாலும் அவளை இழுத்து என் எதிரே நிறுத்தினார்.

“கண்ணு, நீயே இவளுக்குச் சொல்லு. டிவில எழுதினயே, வெளிய போனா என்னாகும்னு. உன்ற வாயால சொல்லு. நாங்க சொன்னா கேக்க மாட்டீங்கறா.”

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நிஜமாகவே எழுந்து பின்கட்டுக்கு ஓடிவிடலாமா என்று நினைத்தேன். கூடத்தில் பதினைந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் சிரித்த முகமாக என் வாயையே பார்க்கிறார்கள்.

“அந்த முடிவு பொய்யுங்க மாமா” என்றேன். குரல் கிறீச்சென்று வந்தது. “வேலைக்கு உடுவாங்கன்னு நெனச்சு நான் சேத்து எழுதிப்போட்டேன். கதையும் என்னோடது இல்லீங்க. கோயமுத்தூர்ல என்ற சிநேகிதி உம்மல் குல்சும் எழுதினது. அவ எழுதினதுல அந்தப் புள்ள மறுக்காவும் வெளிய போய் வேலைய முடிச்சுச்சுங்க.”

சித்தப்பா தோளில் இருந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். “இத்தன பேர் முன்னால என்ன பேச்சு இது?” என்று என் வீட்டுக்காரர் மட்டும் மெதுவாகக் கேட்டார். அவர் முகம் வெளுத்துவிட்டது. தெருவுக்கே லட்டு கொடுத்தவர் அல்லவா. அவர் நல்லவர், குல்சும். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அத்தை இலை போடப் போய்விட்டார். எல்லோரும் கிளம்பிய பிறகு என்னிடம் வந்து, “என்ற கிட்டப் பொய் சொன்னயா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “நான் அந்தக் கதைய ஊரெல்லாம் சொல்லிப்போட்டேனே” என்றார். அழுதார். நான் அதை எதிர்பார்க்கவில்லை. அவரோடு சண்டை போடத் தயாராக இருந்தேன், அவர் அழுததும் நிற்க முடியவில்லை. அன்றிலிருந்து சமையலறையில் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

தொடர்காரர்களுக்கும் உண்மையைப் பதிவுத் தபாலில் எழுதினேன். கேப்டன் வாசுவின் புகைப்படம் வந்தது.

போன திங்கட்கிழமை யாரையும் கேட்காமல் காங்கேயம் போனேன். “பள்ளிக்கூடத்துக்குப் போய்ட்டு வாரேனுங்க” என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அந்த வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டார். தலைமையாசிரியை கோபித்துக்கொண்டார். பிறகு, ஓர் ஆசிரியை பிரசவ விடுப்பில் போகிறார், ஏப்ரல் வரை ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறாயா என்று கேட்டார். ஒத்துக்கொண்டேன். ஏப்ரலுக்குப் பிறகு என்னவென்று தெரியாது. ஒரு வாரமாகப் போய்வருகிறேன். என் வீட்டுக்காரர் பேசுவதில்லை. ஆனால் வியாழக்கிழமை பஸ் வராமல் நின்றிருந்தபோது மில் வண்டியை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வந்தார். ஏறிக்கொண்டேன். காங்கேயம் வரை கொண்டுபோய் விட்டார்.

முத்தூர்ப் பெண்ணுக்கு என்ன ஆனது என்று இன்னும் தெரியவில்லை. சித்தப்பா வீட்டிலிருந்து ஒரு செய்தியும் இல்லை. அந்தக் கவலை தினமும் இருக்கிறது.

மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. எனக்கே என்னைப் பார்த்தால் இன்னும் சகிக்கவில்லை. உன் கதையின் சரியான முடிவை, உன் பெயரோடு, பதினைந்து பேருக்காவது சொல்லிவிட்டேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான்.

பழனியாத்தாள்


கோயம்புத்தூர்.
19.11.1995, ஞாயிறு

பழனி,

கிழிக்கவில்லை. மூன்று முறை படித்தேன். சஹீருக்கும் படித்துக் காட்டினேன். “சமாதானம் ஆயாச்சா?” என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. உன் மாமியார் அழுத இடத்தில் எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. அவரை நிம்மதியாக வெறுத்துக்கொண்டிருந்தேன்.

உன் கடிதத்தில் கூடத்தில் நடந்ததை மட்டும் யுஸ்ராவிடம் சொன்னேன், பெயர்கள் இல்லாமல். “அந்தக்கா இப்ப எங்க இருக்காங்க டீச்சர்?” என்று கேட்டாள். காங்கேயத்தில் டீச்சராக இருக்கிறாள் என்றேன். ஏப்ரல் வரை என்பதைச் சொல்லவில்லை. முத்தூர்ப் பெண்ணின் விலாசத்தை அனுப்பு. எந்தெந்தக் கல்லூரியில் எப்போது விண்ணப்பம் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும், அவளுக்கு நேராக எழுதுகிறேன். அந்தச் சித்தப்பாவுக்கும் தனியாக ஒன்று எழுதுவேன். அதில் மரியாதையாகத்தான் இருப்பேன், பயப்படாதே.

‘ஏழாம் சுற்றுப்பாதை’ போன மாதமே ஒழிந்தது. அதே நேரத்தில் இன்று ‘செவ்வாய்ப் பயணம்’ என்று புதிதாக ஒன்று ஆரம்பித்திருக்கிறார்கள். முதல் வாரமே ஒரு விஞ்ஞானி பஞ்சாங்கத்தைப் பிரித்து ராகு காலம் பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்துகிறார். ராக்கெட்டுக்குள் நடுவாந்திரத்தில் ஊஞ்சல் தொங்குகிறது. கேடுகெட்ட ஜென்மங்கள். இவர்கள் திருந்தவே மாட்டார்கள்.

ஆனால் ஒன்று. ஊஞ்சல் வந்ததும், நீ உட்கார்ந்திருப்பதுபோல் நான் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். அதில் ஒரு பழைய ரேடியோ கிடந்தது. தனியாகத் திட்டுவது நன்றாக இல்லை, பழனி. கோபம்தான் வருகிறது, சிரிப்பு வரமாட்டேன் என்கிறது.

அடுத்த ஞாயிறு பள்ளிக்கூடம் கிடையாது. வெள்ளகோவிலில் ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தால் பதினோரு மணிக்கு முன்னால் இங்கே வந்துவிடலாம். உன்னைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருமா, வராதா என்று இப்போது சொல்ல முடியாது. வந்தால் முகத்துக்கு நேராகத் திட்டிவிடுகிறேன். கடிதத்தில் திட்டினால் பதிலுக்குப் பத்து வாரம் ஆகிறது.

நாற்காலியைக் காலி செய்யச் சொல்லிவிட்டேன்.

குல்சும்